டிவிடி டிரைவை வெளியே வையுங்கள், வைஃபை கார்டை இப்போதே பார்த்து வாங்குங்கள்

கேள்வி: நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். புதிய மடிக்கணினி வாங்கக் கடைக்குச் சென்றபோது இரண்டு காட்டினார்கள். ஒன்றில் டிவிடி டிரைவ் உள்ளேயே இருக்கிறது. ஆனால் பழைய இருப்பு, வைஃபை 5, 1×1 என்று போட்டிருக்கிறது. மற்றொன்றில் டிரைவ் கிடையாது. வைஃபை 6, 2×2. நாலாயிரம் ரூபாய் கூடுதல். எங்கள் வீட்டில் 2009-இல் நடந்த எங்கள் திருமணத்தின் டிவிடிகளும், அம்மாவின் எம்ஆர்ஐ ஸ்கேன் குறுந்தகடுகளும், சிங்கப்பூரிலிருந்து தம்பி அனுப்பிய சில படங்களின் டிவிடிகளும் இருக்கின்றன. ரூட்டர் முன்கூடத்தில் இருக்கிறது. நான் பாடம் தயாரிப்பது பின்கட்டு அறையில். 100 எம்பிபிஎஸ் இணைப்பு. எதை வாங்குவது? வைஃபை 7 வரும்வரை பொறுத்திருக்க வேண்டுமா? இப்போது ஒன்றை வாங்கிவிட்டுப் பிறகு வைஃபை கார்டை மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: டிரைவ் இல்லாத, வைஃபை 6, 2×2 கார்டு உள்ள இரண்டாவது மடிக்கணினியையே வாங்குங்கள். அதனுடன் யூஎஸ்பியில் செருகும் வெளிப்புற டிவிடி டிரைவ் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். டிவிடி டிரைவை என்றைக்கு வேண்டுமானாலும் வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம், பழுதானால் மாற்றலாம், உறவினர் வீட்டுக் கணினிக்கும் கொடுத்துதவலாம். வைஃபை கார்டும் அதற்கான ஆன்டெனாக்களும் மடிக்கணினியின் உடம்போடு சேர்ந்தவை. வாங்கும் நாளில் எப்படி அமைகிறதோ, பெரும்பாலும் அதன் ஆயுள் முழுவதும் அப்படியேதான் இருக்கும். ஆகவே கூடுதல் பணம் எங்கே போக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முதலில் டிரைவைப் பார்ப்போம். மடிக்கணினிக்குள் வைக்கும் டிவிடி டிரைவ்கள் 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்ற இரண்டு தடிமன்களில்தான் பெரும்பாலும் வந்தன. குறுந்தகட்டின் விட்டமே 12 சென்டிமீட்டர் என்பதால், அந்த டிரைவ் கணினியின் ஒரு பக்கத்தை ஏறக்குறைய முழுவதும் அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் பெரிய பேட்டரியையோ நல்ல குளிரூட்டும் விசிறியையோ வைக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் கண்டுகொண்ட பிறகு டிரைவ்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ஏர் 2008-இலேயே டிரைவ் இல்லாமல் வந்தது. 2012-இல் வந்த ரெட்டினா திரை மேக்புக் ப்ரோவிலும் டிரைவ் இல்லை. இன்று டிரைவ் உள்ளேயே உள்ள மடிக்கணினி கடையில் கிடைத்தால், அது உங்கள் கடைக்காரர் சொன்னதுபோலப் பெரும்பாலும் பழைய இருப்பாகவே இருக்கும்; அதோடு பழைய செயலியும் பழைய வைஃபையும் சேர்ந்தே வரும்.

உள்ளே இருக்கும் டிரைவில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் லேசர் லென்ஸ் மீது தூசு படிவதும், தட்டை வெளியே தள்ளும் சிறிய பல்சக்கரங்கள் தேய்வதும் இயல்பு. பழுதானால் அதே தடிமனும் அதே முன்முகப்பும் உள்ள டிரைவைத் தேட வேண்டும். வெளிப்புற டிரைவ் பழுதானால் வேறொன்றை வாங்கிச் செருகிவிடலாம்.

வெளிப்புற டிரைவ் வாங்கும்போது, யூஎஸ்பி 3.0 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். டிவிடியின் 1எக்ஸ் வேகம் நொடிக்குச் சுமார் 1.4 மெகாபைட், 8எக்ஸ் வேகத்தில் சுழன்றாலும் நொடிக்கு 11 மெகாபைட்தான் வரும். யூஎஸ்பி 2.0 இணைப்பு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கைத் தாராளமாகத் தாங்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது மின்சாரத்தை. யூஎஸ்பி 2.0 துளை விதிப்படி 500 மில்லிஆம்பியரும், யூஎஸ்பி 3.0 துளை 900 மில்லிஆம்பியரும் தர வேண்டும். தகடு சுழலத் தொடங்கும் கணத்தில் டிரைவ் அதைவிடக் கூடுதலாகக்கூட இழுக்கும். தகடு சுழன்று, நின்று, மறுபடி சுழன்று, ‘கிளிக்’ என்று சத்தம் கேட்டால், டிரைவ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், யூஎஸ்பி ஹப் எதுவும் இடையில் இல்லாமல் நேராகக் கணினியில் செருகி, சார்ஜரையும் இணைத்துப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டு யூஎஸ்பி முனைகள் உள்ள ஒய் வடிவக் கேபிளோடு வரும் டிரைவ் என்றால் இந்தக் கவலை இன்னும் குறையும். புளூ-ரே டிரைவ் உங்களுக்குத் தேவையில்லை. உங்களிடம் புளூ-ரே தகடு ஒன்றும் இல்லை.

விண்டோஸ் 8 முதல் டிவிடி படங்களை ஓட்டும் வசதி விண்டோஸுடன் சேர்ந்து வருவதில்லை. டிரைவைச் செருகியும் படம் ஓடவில்லையே என்று பலர் கலங்குவது இதனால்தான். விஎல்சி என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டால் போதும். எந்த நாட்டில் விற்ற டிவிடி எந்த டிரைவில் ஓடும் என்பதை வரையறுக்க, நாடுகளை மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் டிவிடிகள் மண்டலம் 3-ஐச் சேர்ந்தவை. இந்தியாவுக்கு மண்டலம் 5. டிரைவின் மண்டலத்தை மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது மாற்றத்தோடு அது நிலைத்துவிடும். எனவே கணினி "மண்டலத்தை மாற்றவா?" என்று கேட்கும்போதெல்லாம் யோசிக்காமல் ‘சரி’ என்று அழுத்திவிடாதீர்கள்.

இனி உங்கள் தகடுகளைப் பற்றி. இதில்தான் என் உண்மையான கவலை இருக்கிறது. கடையில் விற்கும் திரைப்பட டிவிடிகளில் தகவல் குழிகளாக அச்சில் அழுத்தப்பட்டிருக்கும். திருமண வீடியோக்காரரும் ஸ்கேன் மையமும் தருவது அப்படிப்பட்டதன்று. அது கணினியில் எரித்து எழுதிய தகடு. அதில் தகவலைத் தாங்குவது கரிமச் சாயம் ஒன்றின் மெல்லிய படலம். வெயிலும் வெப்பமும் ஈரப்பதமும் அந்தச் சாயத்தை மெல்ல மெல்ல மாற்றிவிடும். 2009-ஆம் ஆண்டுத் தகடு இன்று பார்ப்பதற்குப் புதிதுபோலவே இருக்கலாம்; படிக்க முயன்றால்தான் உண்மை தெரியும். எழுதும் தகடுகளின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. எழுதக்கூடிய புளூ-ரே தகடுகளின் தயாரிப்பை சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. ஆகவே டிரைவ் உங்களுக்கு எக்காலமும் பயன்படுத்தும் கருவியாக வேண்டியதில்லை. தகடுகளில் இருப்பதைக் கரையேற்றும் தோணியாக அது சில மாதங்கள் உழைத்தால் போதும்.

குறுந்தகட்டையும் டிவிடியையும் ஒரேபோலக் கையாளக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டும் 1.2 மில்லிமீட்டர் தடிமன்தான். டிவிடியில் தகவல் படலம் இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. குறுந்தகட்டிலோ அது பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு அடியிலேயே, வெறும் அரக்குப் பூச்சின் காவலில் இருக்கிறது. அடிப்பக்கத்தில் விழும் சிறு கீறலை மெருகேற்றியாவது சரிசெய்யலாம்; மேல்பக்கத்தில் ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்த தகவல் போனது போனதுதான். அம்மாவின் ஸ்கேன் தகடுகளின் மேல் பந்துமுனைப் பேனாவால் தேதி எழுதுவதையும், ஒட்டிய ஸ்டிக்கரை உரிப்பதையும் இன்றே நிறுத்திவிடுங்கள். துடைக்க வேண்டியிருந்தால், மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தகவல் ஓடும் தடத்தின் திசையிலேயே விழும். டிரைவின் பிழைதிருத்தத்தால் அதை ஈடுகட்டுவது கடினம்.

நகலெடுக்கும்போது ஸ்கேன் தகட்டிலிருந்து படங்கள்போலத் தெரியும் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டாம். மருத்துவப் படங்கள் டைகாம் என்ற வடிவத்தில் இருக்கும். அவற்றின் பெயரில் பெரும்பாலும் ‘ஜேபெக்’ போன்ற பின்னொட்டு இருக்காது. எந்தப் படம் எந்த வரிசையில் வருகிறது என்ற பட்டியலும் தனிக்கோப்பாகத் தகட்டில் இருக்கும். தகடு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்துவிடுவதே நலம். விண்டோஸ் 8 முதல், அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கினால் தகடு செருகியதுபோலவே திறந்துகொள்ளும். நாளைக்கு நரம்பியல் மருத்துவர் பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும் என்று கேட்டால், ஒன்றும் விடுபடாமல் பென்டிரைவில் கொடுத்துவிடலாம். ஒரு டிவிடி முழுவதையும் எடுக்க ஏறத்தாழ 10 முதல் 20 நிமிடங்கள் ஆகும். கணினியில் ஒரு பிரதி, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மூலத் தகட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

இப்போது வைஃபை கார்டு. 1×1 என்றால் அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என ஒரே அலைத்தடம். 2×2 என்றால் இரண்டு. உங்கள் கேள்வியில் வைஃபை 5, வைஃபை 6 என்ற எண்களைவிட முக்கியமானது இதுதான் என்பேன். 80 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசையில் வைஃபை 5, 1×1 கார்டின் உச்ச இணைப்பு வேகம் 433 எம்பிபிஎஸ். 2×2 என்றால் 867. வைஃபை 6-இல் அவை முறையே 600, 1201. ‘என் இணைப்பே 100 எம்பிபிஎஸ்தானே, 433 எனக்குப் போதாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நீங்கள் உட்காரப்போவதோ பின்கட்டில். இடையில் இரண்டு மூன்று செங்கல் சுவர்கள் இருக்கும். உங்கள் வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் இயங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடக்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட விரைவாக நலிந்துபோகும். இரண்டு ஆன்டெனா உள்ள கார்டு, ஒன்றில் மங்கலாக வரும் அலையை இன்னொன்றில் வருவதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும். ஆகவே ஒற்றை ஆன்டெனா கைவிட்ட இடத்திலும் 5 கிகாஹெர்ட்ஸிலேயே நின்று தாக்குப்பிடிக்கும்.

அது தாக்குப்பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். கணினி 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். வைஃபை 5 என்பது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே உரிய தரம். எனவே இறங்கிய இடத்தில் அந்தக் கார்டு 2009-ஆம் ஆண்டின் வைஃபை 4 தரத்தில்தான் பேசும். 1×1 ஆக இருந்தால், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் உச்ச இணைப்பு வேகமே 72 எம்பிபிஎஸ். அதில் ஏறத்தாழப் பாதிதான் உண்மையான பதிவிறக்கமாகக் கைக்குக் கிடைக்கும். அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்ற மூன்றே. உங்கள் தெருவில் உள்ள எல்லா வீடுகளும் அந்த மூன்றைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. ‘நூறு எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டுகிறேன், முப்பதுதான் வருகிறது’ என்று இணையச் சேவை நிறுவனத்தோடு மல்லுக்கட்டும் பலரின் வீட்டில் குற்றவாளி மடிக்கணினிக்குள் இருக்கும் ஒற்றை ஆன்டெனா கார்டுதான். வைஃபை 6 இரண்டு அலைவரிசைகளிலும் இயங்கும். ஆகவே இறங்கினாலும் இந்த அளவுக்குச் சரியாது. புளூடூத்தும் அதே கார்டில்தான் இருக்கிறது, அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. ஒற்றை ஆன்டெனாவை வைஃபையும் புளூடூத்தும் மாறி மாறிப் பயன்படுத்தும்போது, புளூடூத் ஹெட்செட் மாட்டிக்கொண்டு இணையவழி வகுப்பு எடுத்தால் குரல் விட்டுவிட்டு வருவது வழக்கம். ஆசிரியையான உங்களுக்கு இது சிறிய விஷயமன்று.

வைஃபை 7-க்காகக் காத்திருக்க வேண்டாம். அதற்கான சான்றளிப்பை வைஃபை அலையன்ஸ் 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் பெரிய பலம் 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 320 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடம் போட்டு ஓடுவது. இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2018-இலேயே விதி வந்துவிட்டது. 6 கிகாஹெர்ட்ஸில் 5925 முதல் 6425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸுக்குத் தொலைத்தொடர்புத் துறை வரைவு விதிகளை வெளியிட்டதே 2025 மே மாதத்தில்தான். அந்த 500-க்குள் 320 அகலத் தடம் ஒன்றே ஒன்றுதான் அடங்கும். 6 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களுக்கு இன்னும் அதிகமாக அஞ்சும். உங்கள் பின்கட்டுக்கு அது வந்து சேருவதே அரிது. உங்கள் ரூட்டரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். விலையில் வேறுபாடு இல்லாமல், 6 கிகாஹெர்ட்ஸிலும் இயங்கக்கூடிய வைஃபை 6இ கார்டு கிடைத்தால் மறுக்க வேண்டாம்; அதற்காகத் தனியே பணம் கொடுக்க வேண்டாம். நீங்கள் கொடுக்கும் அந்த நாலாயிரம் இரண்டாவது ஆன்டெனாவுக்கு என்று எண்ணிக்கொள்ளுங்கள், அது தகும்.

பிறகு கார்டை மாற்றலாமா என்ற கேள்விக்கு, சிலவற்றில் முடியும், சிலவற்றில் முடியாது என்பதே பதில். மாற்றக்கூடிய கார்டு எம்.2 வகை, 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சிறு பலகை. ஒரே திருகில் நிற்கும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்றவே முடியாது. திருகில் நிற்கும் வகையிலும் ஒரு பொறி உண்டு. இன்டெல் கார்டுகளில் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை தனித்தியங்குபவை. பெரும்பாலான கணினிகளில் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்று 1-இல் முடிபவற்றின் பாதி மூளை இன்டெல் செயலியின் பக்கம் இருக்கிறது. ஏஎம்டி செயலி உள்ள கணினியில் அவற்றைச் செருகினால் உயிரே வராது. பழைய மாடல்கள் சிலவற்றில், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் கணினியைத் தொடங்கவே மறுத்துவிடும். இவை எல்லாவற்றையும் தாண்டினாலும், 1×1 கார்டோடு வந்த மடிக்கணினியில் திரையின் ஓரத்தில் ஓடும் ஆன்டெனா கம்பி பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். 2×2 கார்டு வாங்கிச் செருகினாலும் இரண்டாவது கம்பிக்கு எங்கே போவது? முதல் மடிக்கணினியை வாங்கிப் பிறகு கார்டு மாற்றலாம் என்ற எண்ணத்தை நான் மறுப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

கடையில் காட்டும் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு கார்டுகள் வருவது சாதாரணம். காட்சிக்கு வைத்திருக்கும் கணினியைக் கடையின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்து, ரூட்டருக்கு அருகிலேயே நின்று, விண்டோஸ் அமைப்புகளில் வைஃபை பகுதியின் வன்பொருள் விவரங்களைத் திறக்கச் சொல்லுங்கள். கார்டின் பெயரும் இணைப்பு வேகமும் அங்கே தெரியும். 600-க்கு மேல், 867 அல்லது 1201 என்று காட்டினால் இரண்டு ஆன்டெனாவும் வேலை செய்கின்றன என்று பொருள். 433-ஐத் தாண்டவில்லை என்றால், கடையின் ரூட்டரும் 1×1 ஆக இருக்கக்கூடும். வேறு ரூட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சென்ற ஆண்டு என் பார்வைக்கு வந்த ஒரு மடிக்கணினியில், பழுதுபார்க்கும் இடத்தில் எஸ்எஸ்டி மாற்றியபோது ஓர் ஆன்டெனா கம்பி சரியாகப் பொருந்தாமல் விடப்பட்டிருந்தது; உரிமையாளர் ஆறு மாதம் ரூட்டரைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தார். அந்த இணைப்பு எண்ணைப் பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

டிரைவையும் வைஃபையையும் ஒன்றாகப் பயன்படுத்தும்போது ஒரு சிறு எச்சரிக்கை. யூஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும் என்பதை இன்டெல் 2012-இலேயே ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. நகல்களைச் சேமிக்கும் வெளி ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0 ஆகத்தான் இருக்கும். அது ஓடும்போது புளூடூத் மவுஸ் தயங்கினாலோ வைஃபை மந்தமானாலோ, டிஸ்க்கைக் கணினியிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள், கணினியை ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். டிவிடி டிரைவைக் கணினியில் யூஎஸ்பி 2.0 துளை இருந்தால் அதில் செருகுங்கள். மின்சாரம் போதவில்லை என்றால் மட்டும் மற்றொன்றுக்கு மாற்றுங்கள்.

கணினி வீட்டுக்கு வந்த அன்றே பாடக் கோப்புகளை ஏற்றுவதற்கு முன்பு அம்மாவின் ஸ்கேன் தகடுகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றிலும் மிகப் பழையதை முதலில் செருகுங்கள். ஏதேனும் ஒரு தகடு பாதியில் நின்றால், அதையே திரும்பத் திரும்ப முயன்று தேய்க்க வேண்டாம். தனியே எடுத்து வைத்துவிட்டு, வேறொரு டிரைவில் முயலுங்கள். ஒரு லேசர் படிக்காத தகட்டை இன்னொரு லேசர் படித்துவிடுவது உண்டு. அப்போதும் படிக்கவில்லை என்றால், அந்தத் தகட்டின் உறையில் உள்ள நோயாளி எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு ஸ்கேன் மையத்துக்குத் தாமதமின்றிச் செல்லுங்கள். அவர்களது கணினியில் அந்தப் படங்கள் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தால் மறுபிரதி கேட்டு வாங்கிவிடலாம்.